நல்லாத்தான் சாப்பிடுறா டீச்சர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. "இவ்வளவு யார் படிப்பாங்க அத்தை?" என்று மருமகள் கேட்டாள். என்னிடம் இரண்டு பீரியட் தொடர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். ஒரகடம் பக்கத்து கிராமத்துப் பெண். 1995இல் என்னிடம் பிளஸ் ஒன் படித்தவள். அவள் பெண்ணுக்கு இப்போது 22 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். முதல் ஷிப்ட் என்றால் காலை நாலே முக்காலுக்கு கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்துவிடும். அந்தப் பெண் லைனில் நின்றுகொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டாளாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்கு.

"ரத்தம் ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க டீச்சர். எப்படி டீச்சர்? நல்லாத்தான் சாப்பிடுறா. தட்டு நிறைய சோறு போடுறேன். வயித்துக்கு நான் குறை வெச்சதே இல்ல."

மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லு, கீரை கொடு, டாக்டர் சொன்ன தேதிக்கு மறுபடி கூட்டிப்போ என்றெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் தட்டு நிறைய சோறு போட்டும் ரத்தம் எப்படிக் குறைந்தது என்ற அவள் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இருநூறு வருஷமாக உலகமே குழம்பிய கேள்வி அது. அதற்கு விடை தேடியதில் பாதி வேலை நம் சென்னை மாகாணத்தில்தான் நடந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் உயிரியல் நடத்தியும் அந்தக் கதையை உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. பரீட்சைக்கு வராது என்பதுதான் காரணம். இப்போது பரீட்சை இல்லை, சொல்கிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வறுத்தெடுத்த பஞ்சம். ஏரிகளை நம்பிய நம் செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. பட்டினிக்காரர்களுக்கு அரசாங்கம் கூலி வேலை கொடுத்தது. மண் வெட்டுவது, கல் உடைப்பது, கால்வாய் தோண்டுவது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்படித் தோண்டியதுதான்.

அந்தக் கூலியைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் செலவைக் குறைப்பதற்காக இங்கே அனுப்பினார். இதே டெம்பிள் 1874இல் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து திட்டு வாங்கியவர். சூடு கண்ட பூனையாக வந்து சேர்ந்தார். ஒன்றரை பவுண்டு தானியம் என்று இருந்ததை ஒரு பவுண்டாக வெட்டினார். வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணா காசும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்.

எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான், அரசாங்க ஊழியர்தான். ஆனால் மருத்துவர். ஒரு பவுண்டு அரிசியில் உழைக்கிற உடம்பு மெலிந்து சாகும், தானியம் கூடுதலாக வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று விடாமல் எழுதினார். முகாம்களில் சாகிறவர்களின் உடம்பைப் பார்த்துச் சொன்னவர் அவர். கடைசியில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள்.

இன்றைய கணக்கில் பார்ப்போம். 450 கிராம் அரிசி சுமார் 1,550 கலோரி தரும். கடினமாக உழைக்கிற ஆணுக்கு நாளைக்கு 3,470 கலோரி தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அட்டவணை சொல்கிறது. பாதிகூட இல்லை. மீதியை உடம்பு தன் சதையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். டெம்பிளுக்கு இந்த எண் தெரியாது. ஆனால் கார்னிஷுக்கும்தான் தெரியாது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வயிறு நிறைந்தால் போதுமா? என் மாணவி கேட்டது அதைத்தான். இங்கேதான் அரிசி மில் கதைக்குள் வருகிறது.

கைக்குத்தலாக இருந்தவரை அரிசியில் கொஞ்சமாவது தவிடு ஒட்டியிருக்கும். நீராவி மில்கள் வந்ததும் அரிசி மல்லிகைப்பூ மாதிரி ஆனது. கிழக்காசியா முழுக்க பெரிபெரி என்ற நோய் பெருகியது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், ஒருநாள் இதயம் நின்றுவிடும். வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கே வந்தது. கிருமி என்றார்கள், அழுகின அரிசியின் விஷம் என்றார்கள், மண்ணின் தோஷம் என்றார்கள்.

ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் 1890களில் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கோழிகளுக்குத் திடீரென்று பெரிபெரி மாதிரியே கால் இழுத்துக்கொண்டது. சில மாதம் கழித்துத் தானாகவே சரியானது. என்னவென்று விசாரித்தால், நடுவில் கொஞ்ச நாள் ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் மிச்சச் சோற்றை, தீட்டிய வெள்ளைச் சோற்றை, கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதுச் சமையல்காரர் வந்து, "ராணுவத்துச் சோறு சிவில் கோழிக்கு எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பியதும் கோழி பிழைத்தது. அந்தச் சமையல்காரர் சிடுசிடுப்பில்லாத மனுஷனாக இருந்திருந்தால் வைட்டமின் வரலாறு இன்னும் சில வருஷம் தள்ளிப்போயிருக்கும். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றுமில்லை.

நம் ஆட்கள் இந்தக் கதையில் வருவது மலாயாவில். அங்கே தகரச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், தோட்டத்தில் உழைத்த தமிழர்களுக்கு அநேகமாக அது வரவேயில்லை. பிராடன் என்ற மருத்துவர் அதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பாதிப் பேருக்கு அந்த அரிசி, மறுபாதிக்கு இந்த அரிசி என்று போட்டுப் பார்த்தார். கட்டடத்தின் குற்றமாக இருக்குமோ என்று இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி தின்றவர்கள் எங்கே இருந்தாலும் விழுந்தார்கள். புழுங்கல் தின்றவர்கள் நன்றாக இருந்தார்கள். அந்த நோயாளிகளின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற வைட்டமின் பி1 தண்ணீரில் கரைந்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தவிட்டை உரித்தாலும் உள்ளே போனது உள்ளேயே இருக்கும். அவித்த மணி கெட்டியாகிவிடுவதால் தீட்டும்போது இழப்பதும் குறைவு. முற்றத்தில் நெல் அவித்துக் காயவைத்த நம் பாட்டிகளுக்குத் தயமின் தெரியாது. அரிசி உடையாது, பூச்சி பிடிக்காது, கெட்டுப்போகாது என்று செய்தார்கள். காரணம் எதுவானால் என்ன, கடல் தாண்டிப்போன பேரன்களின் உயிரைக் காப்பாற்றியது. சென்னை மாகாணத்திலேயே, பச்சரிசி தின்ற வட சர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி ஊன்றியிருந்தது. புழுங்கல் தின்ற தமிழ் ஜில்லாக்களில் அப்படி இல்லை.

இதை ஆராயத்தான் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி ஆய்வுப் பிரிவு தொடங்கினார். பணமில்லை என்று நடுவில் 1923இல் மூடிவிட்டார்கள், பிறகு திறந்தார்கள். அது வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நான் மேலே அட்டவணை சொன்னேனே, அந்தத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதுதான். ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போதெல்லாம் குன்னூரில் வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கிறோம். ஒருமுறையாவது அந்தக் கட்டடத்தைக் காட்டி உங்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

மக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். முழுக் கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, வாரம் ஒருநாள் கறி. கடைசி இடம் யாருக்கு? மதராஸிச் சாப்பாட்டு எலிக்கு. சோறு மலை மாதிரி, மற்றதெல்லாம் ஊறுகாய் மாதிரி. இதைப் படித்தபோது எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மதியம் என் தட்டைப் பார்த்தேன். எலி சொன்னது பொய்யில்லை.

இந்தத் தயமின் உடம்புக்குள்ளே போய் என்னதான் செய்கிறது? இதைச் சொல்ல செல்லுக்குள் போக வேண்டும். பயப்படாதீர்கள், படம் வரையச் சொல்ல மாட்டேன்.

சோறு குடலில் குளுக்கோஸாக உடைகிறது. ரத்தம் அதைக் கோடிக்கணக்கான செல்களுக்குக் கொண்டுபோகிறது. செல்லுக்குள் நுழைந்ததும், முன்வாசலிலேயே, குளுக்கோஸ் இரண்டாக உடைந்து பைருவேட் ஆகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டாம். லாபமும் கொஞ்சம்தான், இரண்டு ஏ.டி.பி. செல்லின் சில்லறைக் காசு ஏ.டி.பி. தசை அசைய, மூளை நினைக்க, இதயம் துடிக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் காசைத்தான் கொடுக்க வேண்டும். நோட்டாக மாற்றிச் சேர்த்து வைக்க முடியாது. எந்த நேரத்திலும் உடம்பில் இருப்பு நூறு கிராமுக்குள்தான். ஆனால் ஒரு நாளில் அதே காசு திரும்பத் திரும்பச் செலவாகி, திரும்பத் திரும்ப அச்சாகி, மொத்தமாகக் கூட்டினால் உங்கள் உடம்பு எடை அளவுக்கு வந்துவிடும்.

பெரிய லாபம் உள்ளறையில், மைட்டோகாண்ட்ரியாவில். பைருவேட் உள்ளே போய், மாற்றம் அடைந்து, 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுபிடித்த சுழற்சியில் சுற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய் முடிந்தால் ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30 முதல் 32 ஏ.டி.பி. கிடைக்கும். நான் உங்களுக்கு 38 என்று சொல்லிக்கொடுத்தேன். அப்போது புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. 38 என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் திருப்பித் தர வேண்டாம்.

உள்ளறையில் பைருவேட்டை மாற்றுகிற நொதிக்குத் தயமின் இல்லாமல் கை ஓடாது. பெரிபெரிக்காரருக்கு நடப்பது இதுதான்: சோறு நிறைய, குளுக்கோஸ் நிறைய, பைருவேட்டும் குவிகிறது, ஆனால் அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. நரம்பும் இதயமும் காசில்லாமல் நிற்கின்றன. ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் தயமின் இல்லாத புறாக்களின் மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தார். லாக்டிக் அமிலமும் பைருவேட்டும் தேங்கியிருந்தன. கண்ணாடிக் குழாயில் துளி தயமின் சேர்த்ததும் திசு மறுபடி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பித்தது. வயிறு நிறைந்தும் செல் பட்டினி கிடக்கலாம் என்று அப்போது கையில் பிடித்த மாதிரி தெரிந்தது.

அந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் திருவல்லிக்கேணியில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். (பத்தாவதில் தவறி என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பில் கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கொடுத்தார்கள். அண்ணன் தம்பிகள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றிச் சாகிற நோய். அவருக்கும் அது வந்து பிழைத்தார். அப்புறம் அமெரிக்கா போய், ஹார்வர்டில் 1929இல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தார். அதே சமயம் ஜெர்மனியில் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார். நான் போர்டில் ஏ.டி.பி. என்று எழுதிய நூற்றுக்கணக்கான தடவைகளில் ஒரு தடவைகூட இவர் பெயரைச் சொன்னதில்லை.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். என் மாணவி கேட்ட விஷயம்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று பார்க்க வந்தவர். கிருமியா என்று தேடினார், இல்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைகளின் சாப்பாட்டில் கீரையும் பழமும் பாலும் இல்லை. எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்துவிட்டு, மார்மைட் என்ற ஈஸ்ட் பசையைக் கொடுத்துப் பார்த்தார். ரொட்டியில் தடவித் தின்கிற சாதாரணச் சரக்கு அது. சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நடுவில் குன்னூரில் மக்காரிசனின் ஆய்வகத்திலும் வேலை செய்தார். 1931இல் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைக்கு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம் குடும்பத்திலேயே மூன்று பேர் அங்கே பிறந்திருக்கிறீர்கள்.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியாது. வில்ஸ் காரணி என்றே பெயர் ஓடியது. 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்து, இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதை ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கி, தொழிற்சாலையில் செய்யும்படி ஆக்கியது 1945இல் லெடர்லி நிறுவனத்தின் குழு. அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே சுப்பாராவ். அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது. 1948இல் அவர் இறந்துபோனார்.

சுகாதார நிலையத்தில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில் இருப்பது இரும்பும் இந்த ஃபோலிக் அமிலமும்தான். புதிய ரத்தச் செல் உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். அந்தச் செல்லில் ஹீமோகுளோபினை நிரப்ப இரும்பு வேண்டும். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். சுமக்க ஆளில்லாவிட்டால் தசை செல்லின் உள்ளறைக்கு வேண்டிய ஆக்சிஜன் வந்து சேராது. கொஞ்சம் வேகமாக வேலை செய்தாலே பைருவேட் முன்வாசலில் லாக்டிக் அமிலமாக மாறித் தேங்கும். 32க்குப் பதில் 2. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வலிக்கும், தலை சுற்றும். உள்ளறையில் ஏ.டி.பி. அச்சடிக்கும் இயந்திரங்களிலேயேகூட இரும்பு இருக்கிறது. ஆக இரும்புக் குறைவு இரண்டு இடத்தில் அடிக்கிறது.

பெண்களுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறது. நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது அதே அட்டவணை, ஆணுக்கு 19 போதும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. தட்டு நிறையச் சோறு போட்டும் ரத்தம் ஏன் ஊறவில்லை என்பதற்கு இந்தக் கணக்குதான் பதில். நூறு கிராம் கேழ்வரகில் நாலுக்கு மேல் இருக்கிறது. கூழ் குடித்த உங்கள் ஆயாக்களைப் பார்த்துச் சிரித்தோமே, நானும் சேர்ந்துதான்.

இது ஒரு பெண்ணின் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களிலோ பத்தில் நாலு பேருக்கு மேல் நம் மாநிலத்தில். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அதிகாலையில் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் கூட்டுரோட்டிலும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளைகளைப் பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வந்தது, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் போன் வந்தது, அப்புறம் ஒரகடத்தில் வரிசையாக வந்தன. நம் ஊர் பெண்கள் சொந்தக் காலில் நிற்பதற்கு இவைதான் வழி செய்தன, நான் மறுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதியும் திறந்தார்கள். ஆனால் 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதிச் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களோடு வேலை செய்தவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் சோற்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அன்றைக்குப் பேசியதும் கெட்ட சோற்றைப் பற்றி. கெடாத சோற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நம் மாநிலம் ஓரளவு செய்துவிட்டது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதியச் சாப்பாடு போட்டது. 1956இல் காமராஜர், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர்., 1989இல் கலைஞர் சேர்த்த முட்டை, 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி. கட்சிச் சண்டையைக் கமென்டில் போடாதீர்கள், நான் அழித்துவிடுவேன். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பதினோராம் வகுப்புப் பெண்ணுக்குக் கிடையாது. வளர்கிற வயது, ரத்தம் போகிற வயது, அங்கே நின்றுவிடும்.

இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், 1995இல் ஒருநாள் காலை பிரேயரில் ஒரு பிளஸ் ஒன் பெண் மயங்கி விழுந்தாள். அன்றைக்கு எனக்கு மாதத் தேர்வு. "டெஸ்ட்டுன்னா உடனே மயக்கம் வந்துடுமே, எழுந்திரு, நடிக்காதே" என்று வரிசை முன்னால் சொன்னேன். அவள் எழுந்து, பரீட்சை எழுதினாள். அன்று மூன்றாவது பீரியட் செல் சுவாசம். ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி. என்று அவளையே எழுப்பிக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். மதியம் சத்துணவு ஆயா வந்து, "டீச்சர், அந்தப் பொண்ணு நேத்து ராத்திரியிலிருந்து சாப்பிடல, மிச்சம் இருந்த சோத்தக் குடுத்தேன், கணக்குல காட்டிடாதீங்க" என்றார். ராத்திரி உண்ணாவிட்டால் காலைக்குள் கல்லீரலின் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்துபோகும் என்பது எனக்குப் பாடம். அவளுக்கு அது பாடம் இல்லை.

போன மாதம் போன் செய்தவள் அவள்தான்.

மறுநாள் நானே போன் செய்து இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு விரிவாக இல்லை. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கவிடாதே, டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கீரையோ கொள்ளோ சுண்டலோ எது கொடுத்தாலும் எலுமிச்சை பிழி, இல்லாவிட்டால் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடு, அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாரத்தில் இரண்டு நாள் மீனோ ஈரலோ. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று கேள், கொக்கிப்புழு இருந்தால் கொடுக்கிற ரத்தத்தை அது குடித்துவிடும். மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதே. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்.

"நாலே முக்காலுக்கு பஸ் டீச்சர். எதையுமே தொடாமப் போயிடுறா. பத்து மணிக்குக் கேன்டீன்ல டீயும் பன்னும்தான்."

"ராத்திரியே கேழ்வரகு அடையோ கடலை உருண்டையோ செஞ்சு டப்பால போட்டு வெச்சுடும்மா. பஸ்ல திங்கட்டும்."

"சரி டீச்சர்."

அப்புறம் பிரேயர் விஷயத்தைக் கேட்டேன். முப்பது வருஷமாகக் கேட்க நினைத்தது. "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆயா அன்னிக்கு சாம்பார்ல முருங்கக்கா போட்டிருந்தாங்க" என்றாள்.

ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டபின் நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். 9.6. வாட்ஸ்அப்பில் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இன்னும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று பதில் போட்டேன். பெண்ணோடு லைனில் வேலை செய்கிற இன்னும் நாலு பேர் பரிசோதனைக்கு வருகிறார்களாம், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும்.